மனச்சோர்வும் மூளையின் கனவளவும்: ஒரு விமர்சனக் குறிப்பு

மனச்சோர்வு மூளையின் நோயே என்னும் கூற்று இன்று ஐயத்துக்கிடமற்ற உண்மைபோலப் பலராலும் எடுத்தாளப்படுகின்றது. மூளையின் அமைப்புப் பற்றிய அளவீடுகளே இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகின்றன. அவ்வளவீடுகள் கூறுவது யாது, அவற்றின்மேல் ஏற்றிக் கூறப்படுவது யாது என்பதைப் பிரித்தறிதல் அவசியமாகும்.

2016 இல் எனிக்மா என்னும் சர்வதேச ஆய்வுக் கூட்டமைப்பு 1,728 நோயாளரையும் நோயற்ற 7,199 பேரையும் ஒப்பிட்டது. நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகம்பஸ் என்னும் பகுதியின் கனவளவு நோயாளரிடத்துச் சராசரியாக ஒரு சதவீதத்துக்குச் சற்று அதிகமாகக் குறைந்திருந்தது. ஆயின், முதன்முறை நோயுற்றோரிடம் இவ்வேறுபாடு காணப்படவில்லை. திரும்பத் திரும்ப நோயுற்றோரிடமே காணப்பட்டது. எனவே, இக்குறைவை நோயின் மூலகாரணம் எனக் கொள்வதற்கு இவ்வாய்வு இடந்தரவில்லை.

2022 இல் ஜெர்மனியில் 1,809 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு இதனிலும் தெளிவானது. மூளையின் அளவீடுகளில் நோயாளரும் ஏனையோரும் 87 முதல் 95 சதவீதம் வரை ஒன்றுடனொன்று பொருந்தியே நின்றனர். அளவீடொன்றைக் கொண்டு இவர் நோயாளர், இவர் அல்லர் எனச் சொல்ல முற்பட்டபோது 54 முதல் 56 சதவீதமே சரியாக அமைந்தது. காசைச் சுண்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. சராசரி ஒரு குழுவைப் பற்றிய செய்தி, தனிமனிதரின் தலைவிதியன்று.

மூளைப் படங்கள் பெருகுமுன்பே, 1978 இல், ஜோர்ஜ் பிரவுணும் டிரில் ஹரிஸும் தென்லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களைப் பற்றிய தம் ஆய்வை நூலாக வெளியிட்டனர். பிள்ளைகளையுடைய தொழிலாள வர்க்கப் பெண்களிடையே மனச்சோர்வு மிகுந்திருந்ததை அவர்கள் காட்டினர். இழப்பும் நெருக்கடியும் நேர்ந்த வேளையில், மனந்திறந்து பேச ஒருவருமின்மை, வீட்டில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சிறுபிள்ளைகள் இருத்தல், தொழிலின்மை, இளவயதில் தாயை இழந்தமை ஆகியன அப்பெண்களை நோய்க்கு எளிதில் ஆளாக்கின என்பது அவர்களது முடிபு. வர்க்கமும் குடும்பமும் எந்தப் படத்திலும் பதிவாவதில்லை.

இதனால் மூளையைப் புறக்கணித்துச் சமூகத்தை மட்டும் முன்னிறுத்துதல் தகுமோ எனின், அதுவும் ஒருதலைப்பட்சமே. மனிதன் உடலோடுதான் சமூகத்தில் வாழ்கின்றான். கோட்டிசோல் என்னும் ஓமோன் மிகுதியாற் பீடிக்கப்பட்ட குஷிங் நோயாளரிடம், சிகிச்சையின் பின் ஹிப்போகம்பஸ் மீண்டும் பெருத்தமை 1999 இல் எடுத்துக்காட்டப்பட்டது. மன அழுத்தத்தின்போது சுரப்பதும் இதே ஓமோன்தான். மூளை மாறாத விதியன்று. வாழ்நிலையின் தாக்கத்துக்குட்பட்டு மாறும் உறுப்பு என்பது இதனாற் புலனாகும்.

மூளைநோய் என்ற விளக்கம் நோயாளர்மீதான பழியைக் குறைத்தது உண்மையே. ஆனால் குணமடைவது அரிது என்னும் அவநம்பிக்கையையும் அது வளர்க்கின்றது. அதனினும் பாரதூரமானது, வேலையும் வீடும் துணையும் பற்றிய கேள்விகளை மருத்துவத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுவதாகும். அளவீடுகளை மறுப்பதன்று, அவற்றை வாழ்க்கையோடு இணைத்து வாசிப்பதே விஞ்ஞான நோக்குடையோரின் கடமையாகும்.