பங்களா ரோட்டில் ஒரு சித்தாந்தம்

தமிழ்ச் சைவம் பக்தி, காஷ்மீரச் சைவம் தத்துவம் என்று சொல்வது இப்போது நாகரிகமாகிவிட்டது. அபிநவகுப்தர் பெயரைச் சொன்னால் அரங்கம் நிமிர்ந்து உட்காருகிறது. அருணந்தி சிவாசாரியார் என்றால் அடுத்து தேவாரம் பாடப்போகிறார்கள் என்று கைபேசியை எடுக்கிறது. இந்தப் பாகுபாட்டுக்கு நூல்களில் ஆதாரம் இல்லை. டெல்லிப் புத்தகக் கடை ஒன்றின் விலைப்பட்டியலைப் புரட்டினால் அது எப்படி உண்டானது என்பது ஓரளவு விளங்கும்.

அந்தக் கடையின் பெயர் மோதிலால் பனாரசிதாஸ். 1903-இல் லாகூரில் தொடங்கியது. பிரிவினைக்குப் பின் பனாரஸ், பாட்னா என்று அலைந்து, டெல்லி ஜவஹர் நகர் பங்களா ரோட்டில் நிலைகொண்டது. மாக்ஸ் முல்லர் பதிப்பித்த கீழைநாட்டுப் புனித நூல் வரிசையின் 50 தொகுதிகளையும் அறுபதுகளில் மறு அச்சிட்டது. ஜே.எல். சாஸ்திரியின் புராண மொழிபெயர்ப்பு வரிசையும் கார்ல் பாட்டரின் இந்தியத் தத்துவக் கலைக்களஞ்சியமும் 1970 வாக்கில் தொடங்கின. ஆக்ஸ்போர்டு விலை கொடுக்க முடியாத மாணவனுக்கு இந்தியவியலைக் கொண்டுவந்து சேர்த்தது இந்தக் கடைதான். அதற்காக எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆனால் மாக்ஸ் முல்லரின் 50 தொகுதிகளில் தமிழ் நூல் ஒன்றுகூட இல்லை. பாட்டரின் முதல் பத்துத் தொகுதிகளில் நியாயத்துக்கு இடமுண்டு, சாங்கியத்துக்கு உண்டு, இலக்கணவாதிகளுக்குக்கூட ஒரு தொகுதி உண்டு. சைவ சித்தாந்தத்துக்கு இல்லை. தாஸ்குப்தாவின் இந்தியத் தத்துவ வரலாற்றிலும், அவர் இறந்த பிறகு 1955-இல் வந்த ஐந்தாம் தொகுதிதான் தென்னாட்டுச் சைவத்தைத் தொட்டது.

இந்த வெற்றிடத்தில்தான், காஷ்மீரச் சைவ நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்து மோதிலால் வழியாக வெளியிட்ட ஜெய்தேவ சிங் வந்தார். பிரத்யபிஞ்ஞா ஹிருதயம் 1963-இல் வெளிவந்தது. 1979-இல் சிவசூத்திரமும் விஞ்ஞான பைரவமும், 1980-இல் ஸ்பந்த காரிகையும் வந்தன. மூலம், மொழிபெயர்ப்பு, குறிப்பு, சொல் விளக்கம் எல்லாம் கைக்கு அடக்கமாக, அளவாக இருந்தன. குருவைத் தேடி மேற்கிலிருந்து இளைஞர்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. அவர்கள் பைக்குள் இவை எளிதாக அடங்கின. சிங் நல்ல அறிஞர். குறை அவரிடத்தில் இல்லை. மெல்லிய நூலை ஆழமான நூலென்று எடுத்துக்கொண்ட வாசகர்களிடத்தில் இருக்கிறது.

அதே கடை 1973-இல் வேறொரு நூலையும் வெளியிட்டது. தத்துவ நோக்கில் சைவத்தை ஆராயும், 600 பக்கங்களைத் தாண்டிய ஆங்கில நூல். எழுதியவர் கே. சிவராமன். டி.ஆர்.வி. மூர்த்தி கோலோச்சிய பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத் தத்துவத் துறையிலிருந்து கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் போனவர். தமிழ்ச் சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூல்களான மெய்கண்ட சாத்திரங்களை வடமொழி ஆகமங்களோடும் உரைகளோடும் பொருத்திவைத்து, அத்வைதத்துக்கு நேரெதிரே நிறுத்தி வாதிட்ட நூல் அது. நடை கரடுமுரடு, ஒரு வாக்கியத்தை மூன்று முறை படிக்க வேண்டியிருக்கும். ஆயினும் வி.ஏ. தேவசேனாபதி 1960-இல் அருணந்தியாரின் சிவஞான சித்தியாருக்கான ஆறு உரைகளைக் கொண்டு செய்த அரும்பணிக்குப் பின், இத்துறையில் இவ்வளவு துணிவாகச் சிந்தித்த நூல் வேறில்லை என்பேன்.

பக்திதான், தத்துவம் இல்லை என்பவர்கள் சிவஞானபோதத்தின் அமைப்பையாவது பார்க்கலாம். பன்னிரண்டு சூத்திரங்கள். ஒவ்வொன்றையும் மெய்கண்டார் வார்த்திகத்தில் கூறுகளாகப் பிரித்து மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று தருக்க முறையில் நிறுவுகிறார். உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதால் அதற்கொரு வினைமுதல் உண்டென்று தொடங்குகிற நூல் இது. சித்தியாரின் பரபக்கமோ உலகாயதம் முதல் 14 மதங்களை எடுத்து மறுக்கிறது. எதிரியின் கட்சியை முதலில் ஒழுங்காக எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் மறுப்புக்கு வருகிறார் அருணந்தியார். இதற்குப் பெயர் தத்துவமில்லை என்றால் எதற்கு?

இன்னொன்று. சித்தாந்தம் தெற்கு, அத்வைதச் சைவம் வடக்கு என்ற வரைபடமே தவறு. பத்தாம் நூற்றாண்டு பட்ட ராமகண்டர் சித்தாந்தி, காஷ்மீரத்துக்காரர். கிரண தந்திரத்துக்கு அவர் எழுதிய உரையின் ஒரு பகுதியை டொமினிக் குடால் 1998-இல் பதிப்பித்தது புதுச்சேரியில். அங்குள்ள சைவச் சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

மோதிலால் பிற்பாடு இந்திரா பீட்டர்சனின் தேவார மொழிபெயர்ப்பை 1991-இலும், ஷோமெரஸ் 1912-இல் ஜெர்மனில் எழுதிய சித்தாந்த நூலின் ஆங்கிலப் பெயர்ப்பை 2000-இலும் கொண்டுவந்தது. ஆகவே வடக்கு நம்மை மறைத்தது என்ற பல்லவியையும் நான் ஏற்கவில்லை. இந்தக் கடைக்கு மயிலாப்பூரிலேயே கிளை இருந்தது. வாங்கிப் படிக்காதது நாம். ஆதீனங்களின் வெளியீடுகள் பெரும்பாலும் அடியார்களோடு நிற்கின்றன. பல்கலைக்கழக வெளியீடுகள் தீர்ந்தால் மறு அச்சுக்கு வர எவ்வளவோ காலம் ஆகிறது. மூலம், பதவுரை, வாதத்தின் சுருக்கம், எதிர்க்கட்சி நூல்களுக்கு வழிகாட்டி என்று ஜெய்தேவ சிங் பாணியில் மெய்கண்ட சாத்திரம் பதினான்கையும் வரிசையாக வெளியிடத் தமிழ்ப் பதிப்பாளர் ஒருவர் முன்வர வேண்டும். அதுவரை சிவராமனையும் சிவஞானபோதத்துக்குச் சிவஞான முனிவர் எழுதிய மாபாடியத்தையும் அருகருகே வைத்துப் படியுங்கள். காஷ்மீரமா தமிழகமா என்ற பட்டிமன்றத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.