அடைத்த தெருவும் அடுத்த தெருவும்

வடகிழக்கு லண்டனில் உள்ள வால்தம்ஸ்டோ வில்லேஜின் கடைத்தெரு ஆர்ஃபோர்டு சாலை. 2015இல் பகல் நேரத்தில் கார்கள் வராதபடி அதை மூடி, விழாவும் எடுத்தார்கள். எதிர்ப்பாளர்கள் அந்த விழாவுக்குச் சவப்பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தார்கள். தெருவைக் கொன்றுவிட்டீர்கள் என்பது அவர்கள் சொல்லவந்த சேதி. தெரு சாகவில்லை. கடைகளும் உணவகங்களும் தொடர்ந்து நடந்தன. சாலை அடைப்பை ஆதரிப்பவர்கள் இந்தக் கதையை விரும்பிச் சொல்வார்கள்: மக்கள் முதலில் கூச்சலிடுவார்கள், பிறகு பழகிக்கொள்வார்கள், கூச்சலைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. கூச்சலிடுவதும் பழகுவதும் பெரும்பாலும் உண்மைதான். பொருட்படுத்த வேண்டியதில்லை என்ற முடிவுதான் சோதிக்கப்பட வேண்டியது.

திட்டம் எளிமையானது. குடியிருப்புத் தெருக்கள் சிலவற்றை ஒரு தொகுதியாக எடுத்துக்கொண்டு, உள்ளே தேர்ந்த இடங்களில் மரத்தொட்டிகளோ இரும்புக் கம்பங்களோ கேமராக்களோ வைப்பார்கள். எந்த வீட்டு வாசலுக்கும் காரில் போகலாம். ஆனால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற முடியாது. நடப்பவருக்கும் சைக்கிளில் போவோருக்கும் தடை இல்லை. நெரிசலான பெருஞ்சாலையைத் தவிர்த்துச் சந்துகளுக்குள் புகுந்து ஓடும் வண்டிகளை நிறுத்துவதே நோக்கம். இதை ஆங்கிலத்தில் ‘லோ டிராஃபிக் நெய்பர்ஹுட்’, சுருக்கமாக எல்.டி.என். என்கிறார்கள். எண்ணம் புதிதல்ல. காலின் புகானன் தலைமையிலான குழு 1963இல் பிரிட்டிஷ் அரசுக்கு அளித்த அறிக்கையிலேயே, கடந்துபோகும் வண்டிகள் நுழையாத குடியிருப்புப் பகுதிகள் என்ற கருத்து இருந்தது. லண்டனின் பார்ன்ஸ்பரியில் 1970களில் அதைச் செய்தும் பார்த்தார்கள். ‘எங்கள் தெருவுக்கு வண்டிகளைத் தள்ளிவிட்டு உங்கள் தெருவை அமைதியாக்கிக்கொண்டீர்கள்’ என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது.

2020 மே மாதம் இந்தப் பழைய விவாதம் நாடு தழுவியதானது. பெருந்தொற்றுக் காலத்தில் பேருந்திலும் ரயிலிலும் ஏற மக்கள் அஞ்சினார்கள். எல்லோரும் காருக்கு மாறினால் நகரம் உறைந்துவிடும் என்று கணக்கிட்ட பிரிட்டிஷ் அரசு, நடைக்கும் சைக்கிளுக்கும் 25 கோடி பவுண்டு அவசர நிதி அறிவித்தது. முதல் தவணை வாங்கிய உள்ளாட்சிக் கவுன்சில்கள் 4 வாரத்துக்குள் வேலையைத் தொடங்கி 8 வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே பரிசோதனை ஆணை என்ற சட்ட வழியைப் பல கவுன்சில்கள் கையில் எடுத்தன. அதன்படி முதலில் அடைக்கலாம், பிறகு கருத்துக் கேட்கலாம். ஆணை அதிகபட்சம் 18 மாதம் செல்லும். மறுப்புத் தெரிவிக்க முதல் 6 மாதம் அவகாசம். ஒரு காலைப்பொழுதில் கதவைத் திறந்தவர்கள், நேற்றுவரை கார் போன வழியில் மரத்தொட்டி நிற்பதைப் பார்த்தார்கள்.

எதிர்வினை பல வடிவங்களில் வந்தது. ஆக்ஸ்போர்டில் கம்பங்களைப் பிடுங்கினார்கள், எரித்தார்கள். மேற்கு லண்டனின் ஈலிங்கில் கவுன்சில் குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கேட்டு, 2021இல் தன் திட்டங்களில் பெரும்பாலானவற்றை நீக்கியது. கிழக்கு லண்டனின் டவர் ஹாம்லெட்ஸில் தடைகளை எடுப்பேன் என்று வாக்களித்த லுட்ஃபுர் ரஹ்மான் 2022இல் மேயரானார். 2023 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டில் கூடிய பெருங்கூட்டத்தில், அரசு மக்களை அவரவர் பேட்டையிலேயே சிறைவைக்கப் பார்க்கிறது என்ற சதிக் கற்பனையும் கலந்துவிட்டது. கற்பனையை விலக்கிவிட்டுப் பார்த்தால் குடியிருப்பாளர்களின் குறை மூன்று: வண்டி குறையாமல் இடம்தான் மாறியது, சுமை ஏழைகளின் தலையில் விழுந்தது, எங்களைக் கேட்கவில்லை. மூன்றையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றின் நியாயம் மற்றொன்றின் நியாயமாகிவிடாது.

முதல் குறை, ஓரிடத்தில் அடைத்த தண்ணீர் இன்னோரிடத்தில் உடைத்துக்கொண்டு போகும் என்ற பொதுப்புத்தியின் மேல் நிற்கிறது. ஆனால் வண்டிப் போக்குவரத்து தண்ணீர் அல்ல. வழி சுற்றானால் சிலர் பயணத்தையே விடுகிறார்கள், சிலர் நேரத்தை மாற்றுகிறார்கள், சிலர் நடக்கிறார்கள். சாலைக் கொள்ளளவு குறைக்கப்பட்ட பல நாட்டு நிகழ்வுகளை சாலி கேர்ன்ஸ், ஃபில் குட்வின் முதலியோர் 1990களின் இறுதியில் தொகுத்து ஆராய்ந்தபோது, இடைநிலை அளவில் 11 சதவீதப் போக்குவரத்து எங்கும் தென்படாமல் மறைந்திருந்தது. லண்டனின் 46 எல்.டி.என்.களைப் பற்றி வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட கணக்கில், உள்தெருக்களில் வண்டிகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. எல்லைச் சாலைகளில் சராசரி மாற்றம் 1 சதவீதத்துக்கும் கீழே. 2020இல் போடப்பட்ட திட்டங்களுக்குள் விபத்துக் காயங்கள், லண்டனின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிடுகையில், சுமார் பாதியாகின. எல்லைச் சாலைகளில் விபத்து கூடியதாகத் தெரியவில்லை. தீயணைப்பு வண்டிகள் தாமதமாகும் என்ற அச்சத்துக்கும், வால்தம்ஸ்டோ அடங்கிய வால்தம் ஃபாரஸ்டில் ஆதாரம் கிடைக்கவில்லை.

இந்த எண்களை வைத்து ஆதரவாளர்கள் வழக்கை முடித்துவிடுகிறார்கள். இங்கே இரண்டு தடை உண்டு. முதலாவது, சராசரி என்பது யாருடைய வாசலிலும் ஓடும் சாலை அல்ல. எல்லைச் சாலைகள் சிலவற்றில் வண்டி குறைந்ததும் சிலவற்றில் கூடியதும் சேர்ந்துதான் அந்த 1 சதவீதம் வருகிறது. கூடிய சாலையில் குடியிருப்பவரிடம், வேறொரு பேட்டையில் குறைந்ததைக் காட்டி உங்கள் குறை பொய் என்று சொல்ல முடியாது. இரண்டாவது, வண்டிகளின் எண்ணிக்கையும் நெரிசலும் ஒன்றல்ல. ஊர்ந்து நிற்கும் சாலையில் ஒரு மணி நேரத்தில் கடக்கும் வண்டிகள் குறைவாகவே இருக்கும். சாலையின் குறுக்கே போடும் ரப்பர் குழாய்க் கணக்கிகள் மிக மெதுவாக நகரும் வண்டிகளைச் சரியாகப் பிடிப்பதும் இல்லை. ‘பேருந்து நகரவே இல்லை’ என்று ஒருவர் சொல்வதும் ‘வண்டி கூடவில்லை’ என்று கவுன்சில் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். ஆக, ‘வண்டி இடம் மட்டுமே மாறியது’ என்ற பொதுக் குற்றச்சாட்டு நிற்கவில்லை. ‘என் சாலைக்கு வந்தது’ என்ற தனிக் குற்றச்சாட்டை, அந்தச் சாலையை அளக்காமல் தள்ளவும் முடியாது.

சுமை ஏழைகள் மேல் விழுந்தது என்ற இரண்டாவது குறையிலும் பொதுக் கணக்கு ஒன்று சொல்கிறது, குறிப்பிட்ட இடம் வேறொன்று சொல்கிறது. வசதியானவர்கள் தங்கள் தெருக்களைப் பூங்காவாக்கிக்கொண்டார்கள் என்ற பேச்சு பரவலாக இருந்தாலும், 2020இல் வந்த திட்டங்களை ரேச்சல் ஆல்ட்ரட் குழுவினர் ஆராய்ந்தபோது, லண்டன் முழுமையில் ஏழ்மை மிகுந்த பகுதியினரே எல்.டி.என். கிடைக்கும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களாக இருந்தார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் இது மாறியது. லண்டன்வாசிகளில் பெரும்பகுதியினர் பெருஞ்சாலையில் அல்லாமல் உட்புறத் தெருக்களில்தான் வாழ்கிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது.

ஆனாலும் பெருஞ்சாலையிலும் வீடுகள் உண்டு. தென்கிழக்கு லண்டனின் லூயிஷமில், சவுத் சர்குலர் சாலைக்கு அருகே வாழ்ந்த எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற 9 வயதுச் சிறுமி 2013இல் ஆஸ்துமாவால் இறந்தாள். காற்று மாசும் அந்த மரணத்துக்குக் காரணம் என்று 2020 டிசம்பரில் விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அதே ஆண்டில், அதே லூயிஷமில், லீ கிரீன் பகுதித் தெருக்கள் அடைக்கப்பட்டிருந்தன. அடைப்புக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை. அவள் இறந்து 7 ஆண்டுக்குப் பிறகே அடைப்பு வந்தது. ஆனால் பெருஞ்சாலைக்காரர்கள் ஏன் பதறினார்கள் என்பதை அந்தத் தீர்ப்பு விளக்குகிறது. ஏற்கெனவே மிக மோசமான காற்றைச் சுவாசிப்பவருக்கு, கூடுதலாக ஒரு வண்டி வருமோ என்ற அச்சமே போதும். இதற்குச் சரியான பதில் உள்தெருக்களைத் திறந்துவிடுவதல்ல. பெருஞ்சாலைக்கும் பேருந்துத் தடமும் அகன்ற நடைபாதையும் தருவதுதான். முதல் சுற்றில் பல கவுன்சில்கள் மரத்தொட்டி வைக்கும் மலிவான பாதியைச் செய்துவிட்டு, பெருஞ்சாலையைச் சீராக்கும் விலைகூடிய பாதியைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டன. குறை சொன்னவர்கள் பிடித்தது இந்த விடுபட்ட பாதியைத்தான்.

மாற்றுத்திறனாளிகளின் குறை தனியே பேசப்பட வேண்டியது. காரைத் தவிர வேறு வழியில்லாதவருக்கு ஒவ்வொரு சுற்றுவழியும் உடல் வலியாகவே கூடுகிறது. தெற்கு லண்டனின் லாம்பெத் கவுன்சிலை எதிர்த்து ஒரு மாற்றுத்திறனாளி தொடுத்த வழக்கு 2022இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. வழக்கு தோற்றாலும் குறை தோற்கவில்லை. ஊனமுற்றோருக்கான நீல அட்டை வைத்திருப்பவர்களுக்குப் பல கவுன்சில்கள் பின்னாளில் விலக்கு அளித்தன. முதல் நாளே அளித்திருக்கலாம்.

மூன்றாவது குறையில்தான் எதிர்ப்பாளர்கள் தெளிவாக வெல்கிறார்கள். கேட்காமல் செய்தார்கள் என்பது உண்மை. அவசர நிதியின் நிபந்தனையே கேட்க இடம் தரவில்லை. பரிசோதனை ஆணையின் அமைப்பிலும் ஒரு கோளாறு உண்டு. ஓட்டுநர்கள் புதுவழி பழகாத, குழப்பம் உச்சத்தில் இருக்கும் முதல் 6 மாதத்தில்தான் மறுப்புகள் திரட்டப்படுகின்றன. அதனால் கவுன்சிலின் கைக்கு வந்து சேர்வது மிகக் கசப்பான சித்திரம். அதை அப்படியே ஏற்றால் நல்ல திட்டமும் சாகும். ‘ஆரம்பக் கசப்புதானே’ என்று ஒதுக்கினால் உண்மையான குறையும் புதையும். பெருந்தொற்றில் வெறிச்சோடிய சாலைகளை ‘முன்’ நிலையாக வைத்து ‘பின்’ நிலையை ஒப்பிட வேண்டிவந்தது அளவீட்டையும் கெடுத்தது.

கேட்பதுபோல் காட்டிக் கேளாமல் விட்டதற்கு நீதிமன்றமே சான்று தந்தது. 2025 மே மாதம், மேற்கு டல்விச் திட்டத்தில் லாம்பெத் கவுன்சில் சட்டத்துக்குப் புறம்பாக நடந்தது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியிருப்பாளர் அமைப்பு 53 பக்க அறிக்கை ஒன்றைத் தயாரித்துக் கொடுத்திருந்தது. முடிவெடுத்தபோது கவுன்சில் அதைக் கணக்கில் கொள்ளவில்லை. தெருவை அடைப்பது தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. உழைத்து எழுதிய மறுப்பைக் கணக்கில் கொள்ளாமல் அடைத்தது தவறு என்றது.

எதிர்ப்பின் அளவையும் எடைபோட வேண்டும். அன்றைய பிரதமர் ரிஷி சுனக் 2023இல் ஓட்டுநர்களின் பக்கம் நிற்பதாகச் சொல்லி எல்.டி.என்.களை மறு ஆய்வு செய்ய உத்தரவிட்டார். நிதி கொடுத்து அவசரப்படுத்திய அதே கட்சியின் அரசுதான் இது. 2024இல் வந்த அந்த ஆய்வு எதிர்பார்த்ததைச் சொல்லவில்லை. நான்கு பகுதிகளில் எடுத்த கருத்துக்கணிப்பில் சராசரியாக 45 சதவீதத்தினர் ஆதரித்தார்கள், 21 சதவீதத்தினர் எதிர்த்தார்கள். அப்படியொரு திட்டத்துக்குள் வாழ்கிறோம் என்பதே 58 சதவீதத்தினருக்குத் தெரியவில்லை. தானாக முன்வந்து படிவம் நிரப்புவோரின் கணக்கும், தற்செயலாகத் தேர்ந்து கேட்டவர்களின் கணக்கும் ஒன்றாக இருப்பதில்லை. கோபமுள்ளவர் தேடி வந்து நிரப்புகிறார், நிம்மதியானவர் வீட்டில் இருந்துவிடுகிறார். எனவே கருத்துக்கேட்பு, எத்தனை பேர் எதிர்க்கிறார்கள் என்று எண்ணுவதற்கான வாக்கெடுப்பு அல்ல. எங்கே வலிக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கான வழி.

என் தீர்ப்பு இது. தெரு அடைப்பு பலன் தருகிறது. உள்ளே பாதுகாப்பும் அமைதியும் கூடுகின்றன, சுற்றிலும் பெருநாசம் விளையவில்லை. வேலை செய்யாத திட்டம் என்ற வாதத்தைக் கைவிட வேண்டும். அதே நேரம், அடைத்த விதம் மோசமானது. அதை அவசரத்தின் பெயரால் நியாயப்படுத்தும் வாதத்தையும் கைவிட வேண்டும். ஈலிங் செய்ததுபோல எதிர்ப்பைக் கண்டு எடுத்துவிடுவதும், லாம்பெத் செய்ததுபோல எதிர்ப்பைக் கணக்கில் கொள்ளாமல் தொடர்வதும் குடியிருப்பாளர்களின் சொல்லை வெறும் சத்தமாகக் கருதும் ஒரே தவறின் இரு பக்கங்கள். இனி ஒரு தெருவை அடைக்கும் கவுன்சில் மூன்று காரியம் செய்தாக வேண்டும்: எல்லைச் சாலையில் வண்டிகளின் எண்ணிக்கையோடு பேருந்தின் வேகத்தையும் காற்றையும் முன்கூட்டியே அளப்பது, அந்தச் சாலைக்கான சீரமைப்பை மரத்தொட்டியோடு அதே நாளில் தொடங்குவது, வந்த ஒவ்வொரு மறுப்புக்கும் எழுத்தில் பதில் தருவது. இந்த மூன்றையும் செய்யாத கவுன்சிலுக்கு, பொறுமையாக இருங்கள் என்று மக்களிடம் கேட்கும் உரிமை இல்லை.