மாடியில் விளைந்த களம்

சீன தேசத்து ஜியாங்ஸி மாகாணத்தில், வூயுவான் பிரதேசத்தின் மலைச்சரிவிலே படிப்படியாக அமைந்த ஹுவாங்லிங் கிராமத்தை இலையுதிர் காலத்தில் காணும் பிரயாணி, வீட்டு மாடிகளிலிருந்து வெளியே நீண்டிருக்கும் மரக்கழிகளின்மீது வட்ட வட்டமான மூங்கில் தட்டுகள் வைக்கப்பெற்று, அவற்றில் செம்மிளகாயும் மக்காச்சோளமும் சாமந்திப் பூவும் உலர்ந்துகொண்டிருக்கும் காட்சியில் மனம் லயித்து நின்றுவிடுவான். களம் அமைக்கப் போதிய சமதளம் வாய்க்காத அம்மலைவாசிகள், நிலம் மறுத்த இடத்தை ஆகாயத்திலே தேடிக்கொண்டார்கள். மாடியறையில் நின்றபடியே தட்டுகளை வெயிலில் பரப்பவும், மழைமேகம் திரண்டால் விரைந்து உள்ளே எடுத்துக்கொள்ளவும் இயலுகிற இந்த ஏற்பாடு, குளிர்கால உணவைச் சேமிக்கும் கவலையிலிருந்து பிறந்தது. பிரயோஜனத்தையே நாடி உழைக்கும் கைகள் சௌந்தரியத்தையும் உடன் படைத்துவிடுகின்றன என்பதற்கு இதனினும் சிறந்த சாட்சி வேண்டுமோ?