காலிபரும் வாசற்படியும்

நெய்வேலியில் ஜூலை மாதம் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் அப்துல் கலாமின் புத்தகங்களைத் தாண்டாமல் வெளியே வருவது கடினம். பேச்சுப் போட்டிகளில் கலந்துகொள்ளும் மாணவிகளுக்கு அவருடைய காலிபர் கதையும் தெரிந்திருக்கும். மேடைகளில் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன கதை அது. ஐதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர் ஆய்வகத்துக்கு வருகிறார். ஏவுகணைக்காக உருவான ஒரு பொருளைக் கையில் தூக்கிப் பார்த்து, இவ்வளவு லேசா என்று வியந்து, கலாமைத் தன் மருத்துவமனைக்கு அழைத்துப்போகிறார். அங்கே மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகக் காலிபர்களை இழுத்துக்கொண்டு நடக்கும் சிறுவர் சிறுமியர். மூன்றே வாரத்தில் 300 கிராம் காலிபர் தயாராகிறது. பிள்ளைகள் நடக்கிறார்கள், பெற்றோர் கண்களில் நீர்.

அந்த வேலையை நான் குறைத்துப் பேசவில்லை. பாதத்தருகே கட்டிய எடை, இடுப்பில் கட்டிய அதே எடையைவிட உடலை அதிகம் களைப்பாக்கும். ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்கி வீச வேண்டியிருக்கிறது. ஆனால் நாம் சொல்லும் கதை, அந்தக் காலிபரின் நல்ல அம்சத்தையே மறந்துவிடுகிறது. கணுக்காலை அசையாமல் பிடித்து, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஒரு தகடு வைத்தால், அடி ஊன்றும்போது தரை கொடுக்கும் எதிர்விசை அந்தத் தகடு வழியாக முழங்காலைப் பின்னுக்குத் தள்ளி நிமிர்த்தும். தொடையில் ஓரளவு பலம் உள்ளவருக்கு முழங்காலில் பூட்டே தேவைப்படாது. பூட்டு இல்லையென்றால் மடக்கலாம், உட்காரலாம். எடையைத் தராசில் காட்டிக் கைதட்டு வாங்க முடிகிறது. உட்காருவதற்கு யார் கைதட்டுவார்கள்?

இன்னொன்றும் உறுத்துகிறது. கதையில் மருத்துவர் பேசுகிறார், விஞ்ஞானி பேசுகிறார், பெற்றோர் அழுகிறார்கள். காலிபர் மாட்டிய சிறுமி மட்டும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எங்கே குத்துகிறது என்று அவளை யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை.

குத்தும் இடம்தான் விஷயமே. பைக்கின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போகும் பெண் விழுந்து, முழங்காலின் வெளிப்பக்க நரம்பு சேதமானால் பாதம் தொங்கிப்போகும். ஜிப்மருக்கோ வேலூருக்கோ போனால், பாதத்தை நிமிர்த்திப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட் தருவார்கள். அந்த நரம்பு, முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பின் தலையை ஒட்டித் தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது. ஸ்பிளிண்டின் மேல் விளிம்பு அரை அங்குலம் தவறாக வெட்டப்பட்டால் அதே நரம்பை அது நசுக்கும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வலிகூடத் தெரியாது. ரத்தத்தைப் பார்த்துத்தான் புண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். கடலூர் மாவட்டத்து மே மாத வெயிலில் பிளாஸ்டிக்குக்குள் வியர்க்கும் தோல் எவ்வளவு சீக்கிரம் ஊறிப்போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி வீட்டுக்கு வருவோம். பூட்ஸோடு இணைத்த காலிபர் யாருடைய நாளை மனதில் வைத்துச் செய்யப்பட்டது? காலையில் பூட்ஸ் மாட்டி, ஷிப்ட் பஸ் ஏறி, நாற்காலியில் உட்கார்ந்து, மாலையில் கழற்றிப் போடுகிறவரின் நாளை. நெய்வேலிக் குடியிருப்பு வட்டங்களிலோ சுரங்கத்தை ஒட்டிய கிராமங்களிலோ ஒரு பெண்ணின் நாள் வேறு. செருப்பு வாசலோடு நின்றுவிடும். சமையலறையிலும் சாமி அறையிலும் வெறுங்கால்தான். அவள் அதிகம் நடப்பது வீட்டுக்குள்தான், அங்கேதான் காலிபர் கிடையாது. பிளாஸ்டிக் ஸ்பிளிண்டை மட்டும் போட்டு நடந்தால் ஈரமான டைல்ஸில் வழுக்கும். கோலம் போடக் குனிய வேண்டும். கழிப்பறையில் குந்த வேண்டும். முழங்கால் பூட்டு அதற்கு விடாது. அவிழ்த்து மாட்ட நேரமாகும் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. பக்கக் கம்பியின் மூட்டில் புடவைக் கொசுவம் சிக்கிக் கிழியும். பிறகு அவள் நைட்டிக்கு மாறுவாள், அதன்பின் வெளியே போவதைக் குறைப்பாள்.

அளவெடுப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தொடைவரை வரும் காலிபருக்கு இடுப்பெலும்பின் அடிப்பகுதிவரை தொட்டுப் பார்த்துத்தான் மாவுக்கட்டு அச்சு எடுக்க முடியும். டெக்னீசியன் ஆணாகவும், மறைப்பு ஒரு திரைத்துணியாகவும் இருந்தால், அவள் உடலை இறுக்கிக்கொண்டு நிற்பாள். இறுகிய தசையின் அளவில் காலிபர் வரும். கூச்சம் என்று நாம் ஒதுக்குவது, அச்சில் பிழையாகப் பதிந்து வருடக்கணக்கில் தோலை அறுக்கிறது.

இழப்பீட்டுச் சட்டம், வேலையின்போது அடிபட்ட தொழிலாளியின் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று கணக்கிடுகிறது. சுரங்க நகரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது. வீட்டுக்குள் வழுக்கி விழுந்தவளுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

வேலூரில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1954இல் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சைகள் செய்தார். சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் 1966இல் அவருடைய முயற்சியால் உருவானது. அவரையும் நாம் தன்னம்பிக்கைக் கதையாக மட்டுமே சொல்கிறோம். காயத்தோடு வாழ்கிறவரே மருத்துவராக இருக்கும்போது, நோயாளியிடம் கேட்கும் கேள்விகள் எப்படி மாறியிருக்கும் என்று யோசிப்பதில்லை.

ஒரு மாதம் கழித்து அவள் ஸ்பிளிண்ட் இல்லாமல் நொண்டிக்கொண்டே பரிசோதனைக்கு வருகிறாள். நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று சீட்டில் எழுதப்படுகிறது. வீட்டில் போட ஒன்று, வெளியே போட ஒன்று என இரண்டு கொடுத்து, வீட்டு ஸ்பிளிண்டின் அடியில் வழுக்காத ரப்பர் ஒட்டித் தரலாம். அதற்கு வேண்டியது ஒரு துண்டு ரப்பரும் பசையும், உன் வீட்டில் தரை எப்படி என்று அளவெடுக்கும் நாளிலேயே ஒருவர் கேட்பதும்தான்.