வளாகத்துக்குள் வரலாறு: பேராதனையும் சேப்பாக்கமும்

இலங்கையின் பேராதனையிலிருந்து கலஹா வீதியில் திரும்பும் பேருந்து, பல்கலைக்கழகத்தின் நடுவாகவே போகிறது. அது பொது வீதி. அதில் போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சரசவி உயன என்று ஒரு சின்ன ரயில் நிலையமும் பக்கத்திலேயே உண்டு. மரக்கறிப் பையோடு வீடு திரும்புகிறவரும் ஜன்னல் வழியே செனட் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

பிரிட்டிஷ் நகரத் திட்டக்காரர் பேட்ரிக் அபர்குரோம்பி மலைச் சரிவைக் கெடுக்காமல் வரைந்த வளாகம் இது. கட்டடங்களுக்கு உருக்கொடுத்தவர் ஷேர்லி டி அல்விஸ். 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் இங்கே குடிவந்தது. 1954 ஏப்ரலில் எலிசபெத் அரசியார் வந்திருக்க முறைப்படி திறக்கப்பட்டது. செனட் கட்டடத்தின் கீழ்த்தளம் திறந்த தூண் மண்டபம். தூண்களில் கண்டி மரபுச் செதுக்கல், படியடியில் சந்திரவட்டக்கல், தூண்களுக்கு நடுவே தெரிவது மலை. கட்டி எழுபது ஆண்டுதான் ஆகிறது. ஆனாலும் பார்க்கிறவருக்கு அது பழைய இராசதானியின் தொடர்ச்சியாகவே படுகிறது.

சென்னையில் நிலைமை வேறு. சேப்பாக்கத்தில் மெரினா கடற்கரைச் சாலையில் போகிற எல்லாருக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் தெரியும், வெளியிலிருந்து மட்டும். ராபர்ட் சிஷோம் 1874 முதல் 1879 வரை கட்டிய மாளிகை அது. மூலைக்கொரு கோபுரம், மேலே குவிமாடம். தூண் தலைப்புகளில் கோயில் சிற்ப சாயல், உள்ளே வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். 1937 ஜூலையில் சென்னை மாகாணச் சட்டமன்றம் முதன்முதலாகக் கூடியதும் இந்தக் கூடத்தில்தான். சிதைந்து கிடந்த மாளிகையை, பல்கலைக்கழகம் 150 ஆண்டை எட்டிய 2007ஐ ஒட்டி, பாரம்பரியப் பாதுகாப்பு வல்லுநர்கள் அரும்பாடுபட்டு மீட்டார்கள். அதற்குப் பிறகும் விழா நாள் தவிர மற்ற நாளில் உள்ளே போய்ப் பார்ப்பது சுலபமில்லை.

பெரியவர்களை நினைவில் வைக்கும் விதமும் இரு கரையிலும் ஒன்றல்ல. இலங்கைக்குப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இலேயே இயக்கம் தொடங்கிய பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயரில் பேராதனையில் ஒரு மாணவர் விடுதி இருக்கிறது. அண்ணன் இராமநாதன் பெயரிலும் ஒன்று. ‘அருணாசலத்தில் இருக்கிறேன்’ என்று மாணவர்கள் சொல்லும்போது அந்தப் பெயர் அன்றாடம் புழங்குகிறது. செனட் ஹவுஸுக்குச் சற்றுத் தெற்கே, மாநிலக் கல்லூரியில், அங்கே தமிழ் கற்பித்த உ.வே.சாமிநாதையருக்குச் சிலை. அவர் பிறந்தநாளான பிப்ரவரி 19 வந்தால் மாலை விழும். மாலை மரியாதையும் வேண்டியதுதான். ஆனால் மற்ற நாட்களில் அந்த வழியாக நடக்கும் மாணவர்களில் எத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள்?

பேராதனையின் உண்மையான அடையாளம் திறந்தவெளி அரங்குதான். மலைச்சரிவில் மாணவர்கள் அமர, 1961இல் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திரவின் சிங்கபாகு நாடகம் இங்கே அரங்கேறியது. அவருடைய நாடக வடிவத்துக்கு மூலமான நாடகம என்ற சிங்கள மரபு, தமிழ்க் கூத்தோடு உறவுள்ளது. அதே வளாகத்தில் அதே ஆண்டுகளில் பேராசிரியர் சு.வித்தியானந்தன் மட்டக்களப்பு மாணவர்களைக் கொண்டு கர்ணன் போர், இராவணேசன் என்று வடமோடிக் கூத்தைப் புது மேடைக்கு ஏற்றினார். இராவணனாக ஆடிய மௌனகுரு பின்னாளில் தாமே பேராசிரியரானார். திறந்தவெளி அரங்கில் இன்றும் நாடகம் நடக்கிறது. அதனால்தான் அதைப் பார்க்கப் போவதில் பொருள் இருக்கிறது.

கோயில்களைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவு. சென்னை ஐ.ஐ.டி. 1959இல் கிண்டிக் காட்டுக்குள் வந்தபோது, பீலியம்மன் கோயிலும் ஜலகண்டேசுவரர் கோயிலும் அங்கே முன்பே இருந்தன. கல்வி நிலையம் கோயிலைத் தேடி வந்தது போலாயிற்று. பேராதனையில் குன்றின் மேலுள்ள குறிஞ்சிக் குமரன் கோயிலோ, அங்கே படிக்க வந்த தமிழ் மாணவர்களுக்காக எழுந்தது.

யாழ்ப்பாணம் தனிக் கதை. இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் நிலத்தில், அவர் காலத்துப் பரமேஸ்வரன் கோயிலைச் சூழ்ந்தே 1974இல் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியது. முதல் தலைவர் க.கைலாசபதி, கலையரங்கு அவர் பெயரில். போரின் இறுதியில் இறந்தவர்களுக்காக அங்கே மாணவர்கள் எழுப்பிய முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8ஆம் தேதி இரவு இடிக்கப்பட்டது. மாணவர்கள் வாசலில் உட்கார்ந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். சில நாளில் துணைவேந்தரே மீண்டும் அடிக்கல் வைக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டே தூபி மறுபடி எழுந்தது.

சென்னையில் கட்டடத்தை வல்லுநர்கள் காத்தார்கள். யாழ்ப்பாணத்தில் நினைவுச் சின்னத்தை மாணவர்களே காத்தார்கள். சேப்பாக்கத்தில் கட்டடத்தைக் காக்கும் முதல் பாதி வேலை முடிந்துவிட்டது; மக்களுக்குத் திறப்பதே மீதி. ஆகஸ்டில் சென்னை வாரம் வந்தால் ஊரெங்கும் மரபு நடைகள் நடக்கின்றன. அந்த ஆர்வத்தை நம்பி வாரம் ஒரு நாளாவது செனட் ஹவுஸின் கதவைத் திறந்து, அதன் கதையைச் சொல்லும் பொறுப்பை வரலாற்றுத் துறை மாணவர்களிடமே கொடுக்கலாம்.