கொஞ்சம் தொங்கிவிட்டு வருகிறேன்

புல்-அப்ஸ் எடுப்பதில் இருக்கிற சுகம் வேறு எதிலாவது இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் எனக்கு வேண்டாம், இதுவே போதும். தலைக்கு மேலே ஒரு கம்பி, கீழே நம் உடம்பு. கம்பியைப் பிடித்து, காலைத் தரையிலிருந்து எடுத்து, தாடை கம்பியைத் தாண்டும்வரை நம்மை நாமே தூக்க வேண்டும். இதில் ஏமாற்ற வழியே இல்லை. ஜிம் மெஷினில் யாரும் பார்க்காத நேரம் எடையைக் குறைத்துக்கொள்ளலாம். இங்கே எடையே நாம்தான். அது மொத்தமும் மேலே போய், கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கிற வேப்பமரம் கண்ணில் படும்போது வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அடடா!

நாற்பதைத் தாண்டிய, நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற, பள்ளிக்கூடத்தில் கயிறு இழுக்கும் போட்டிக்குக்கூட யாரும் கூப்பிடாத ஒருத்தி இதைச் சொல்கிறேன். அதனால்தான் இத்தனை ஆர்ப்பாட்டம். பெண்களுக்கு மேலுடம்பில் தசை குறைவு, புல்-அப்ஸ் கஷ்டம்தான். அமெரிக்காவின் மரைன் படையே இதில் திணறியிருக்கிறது. 2014 தொடக்கத்திலிருந்து பெண்களும் குறைந்தது 3 புல்-அப்ஸ் எடுக்க வேண்டும் என்று விதி கொண்டுவரப் பார்த்தார்கள். பயிற்சி முகாமில் இருந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களால் அந்த மூன்று முடியவில்லை என்றதும் விதியைத் தள்ளிவைத்துவிட்டார்கள். இதைப் படித்ததும் எனக்கு உற்சாகம் பொங்கிக்கொண்டு வந்தது. பட்டாளத்துக்குப் போகிற பெண்களுக்கே மூன்று மலையென்றால், கோயம்புத்தூரில் வவுச்சர் சரிபார்க்கிற எனக்கு ஒன்று வந்தாலே தேர்த்திருவிழாதானே!

எனக்கு வாத்தியார்கள் எங்கள் மைதானத்துத் தம்பிகள். விடியும் முன்பே வந்துவிடுவார்கள். பாதிப்பேர் போலீஸ் தேர்வுக்குக் கயிறு ஏறிப் பழகுகிறவர்கள், மீதிப்பேர் ராணுவத்துக்கு. ராணுவக் கூட்டம் புல்-அப்ஸை ‘பீம்’ என்றுதான் சொல்லும். ஆள்சேர்ப்பு முகாமில் பத்து பீம் எடுத்தால் 40 மார்க், ஆறு எடுத்தால் 16. ஒன்பதோடு கை விட்டுவிட்டால் 33, ஒரே ஒரு பீமுக்கு 7 மார்க் போச்சு. அதனால் இவர்கள் கம்பியில் தொங்குவதே ஒரு தனி நிதானத்தில் இருக்கும். கையை வீணாக ஆட்டமாட்டார்கள், காலை உதறமாட்டார்கள். கம்பியடியில் நான் போய் நின்றதும் ஒரு தம்பி சொன்ன முதல் வாக்கியம் இதுதான்: “அக்கா, ஏறணும்னு நெனைக்காதீங்க. மொதல்ல சும்மா தொங்குங்க.”

சும்மா தொங்குவது! அதற்குள் எத்தனை விஷயம் இருக்கிறது தெரியுமா? எங்கள் மைதானத்துக் கம்பி பழைய இரும்புக் குழாய். மார்கழியில் பனி ஈரம் படிந்து வழுக்கும், துண்டால் துடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். துடைத்த பிறகும் கையில் துரு வாசம் ஏறிவிடும், காலைக் காபிவரை போகாது. கம்பியை உள்ளங்கை நடுவில் வைத்து இறுக்கினால் தோல் மடிந்து நசுங்கிக் கொப்புளம் போடும். விரல்கள் தொடங்குகிற இடத்தில் வைத்துப் பிடித்தால் பிடியும் நிற்கும், தோலும் பிழைக்கும். அப்படியே தளர்ந்து தொங்கும்போது தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும். இப்போது முழங்கையை மடக்காமல் தோள்பட்டைகளை மட்டும் கீழே இழுக்க வேண்டும். உடம்பு ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோதான் உயரும். பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே நடந்த மாதிரி இருக்காது. ஆனால் அக்குளுக்குப் பின்னாலிருந்து இடுப்புவரை ஒரு தசை விழித்துக்கொண்டு, ‘நானும் இங்கேதான் இருக்கிறேன்’ என்று குரல் கொடுக்கும். அதுதான் லாட்ஸ், முதுகிலேயே அகலமான தசை. இத்தனை வருஷம் என்னோடு குடியிருந்தும் வாடகை தராத ஆள்! புல்-அப்ஸில் பெரும்பாரம் சுமப்பது அதுதான், கை அதற்குத் துணை. ‘மேலே போகிறேன்’ என்று நினைக்காமல் ‘முழங்கையை இடுப்புக்கு இறக்குகிறேன்’ என்று நினைத்துப் பாருங்கள். உடனே வித்தியாசம் தெரியும்.

அடுத்தது நெகட்டிவ். ஸ்டூல் மேல் ஏறி, தாடையைக் கம்பிக்கு மேல் வைத்துக்கொண்டு, காலை எடுத்துவிட்டு மெதுவாக இறங்க வேண்டும், ஐந்து நொடி எண்ணிக்கொண்டு. தூக்க முடியாத எடையைக்கூட இறக்க நம்மால் முடியும். தசை சுருங்கும்போது காட்டுவதைவிட, பாரத்தைத் தாங்கியபடி நீளும்போது அதிக வலு காட்டும். அதனால் ஒரு புல்-அப்கூட வராதவரும் முதல் வாரத்திலேயே தன் முழு எடையோடு பழகலாம். அடுத்த நாள் முதுகு வலிக்கும், சீப்பு தலைவரை போகாது. அந்த வலியைக்கூட நான் ரசித்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

ஆனால் என்னை உண்மையிலேயே ஏற்றிவிட்டது இன்னொரு உத்தி. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. களைத்துப் போகும்வரை செய்யக்கூடாது! அன்றைய சோவியத் மின்ஸ்க்கில் பிறந்து, அமெரிக்காவில் கெட்டில்பெல்லைப் பிரபலமாக்கிய பாவெல் சாட்சுலின் இதற்கு ‘கிரீஸ் தி குரூவ்’ என்று பேர் வைத்துப் பரப்பினார். உங்களால் அதிகபட்சம் நான்கு முடியுமா? இரண்டோடு இறங்கிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி இரண்டு. சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு, சாயங்காலம் இரண்டு. எந்தத் தடவையும் மூச்சு வாங்கக்கூடாது, கை நடுங்கக்கூடாது. ஆரம்ப மாதங்களில் கூடுகிற வலுவில் பெரும்பங்கு தசை பருப்பதால் வருவதில்லை. நரம்புகள் கூடுதல் தசைநார்களை ஒரே நேரத்தில் வேலைக்குக் கூப்பிடப் பழகுவதால் வருகிறது. அந்தப் பழக்கம் உடம்பு புத்துணர்ச்சியோடு இருக்கும்போதுதான் சுத்தமாகப் படியும்.

இதற்கு வீட்டிலேயே ஓர் இடம் வேண்டுமே! இருந்தது. கூடத்தில் பலகை ஊஞ்சலுக்காகத் தளத்தில் பதித்த நான்கு கொக்கிகள். பலகை பரணுக்குப் போய் வெகுகாலம் ஆகிறது. ஓர் ஓரத்துக் கொக்கிகள் இரண்டுக்கும் நடுவே ஒன்றரை அடி, என் தோளுக்கு அளவெடுத்துப் பதித்த மாதிரி. கொத்தனாரைக் கூப்பிட்டுக் கொக்கியின் பலத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு, பட்டையோடு வருகிற மர வளையங்களை மாட்டினேன். வளையத்தில் இன்னொரு லாபம் உண்டு. கம்பி மணிக்கட்டை ஒரே நிலையில் கட்டிப்போடும், வளையமோ நாம் ஏறும்போது கூடவே திரும்பும். முழங்கை அதற்கே நன்றி சொல்லும்.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடக்கிற ஒவ்வொரு நடைக்கும் இரண்டு என்று ஆரம்பித்தேன். குக்கர் விசிலுக்குக் காத்திருக்கும் நேரம் இருக்கிறதே, அதுதான் புல்-அப்ஸ் நேரம். அத்தை சில நாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டேவிட்டார்: “ஏங்கண்ணு, பொழுதன்னைக்கும் வௌவாலாட்டம் தொங்கறயே, கை வலிக்கலையா?” வலிக்கவில்லை என்றேன். இப்போது நான் மறந்தாலும் அவர் மறப்பதில்லை. தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “இன்னைக்கு மத்தியானம் தொங்கவே இல்லையே?” என்பார்.

உள்ளங்கை நம்மைப் பார்க்கிற மாதிரி பிடித்தால் அது சின்-அப்ஸ். மேற்கையின் முன்பக்கத் தசை கூடுதலாகச் சேர்ந்துகொள்வதால் பெரும்பாலானவர்களுக்கு அதுதான் முதலில் வரும். தாராளமாக அதிலேயே தொடங்கலாம், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ரப்பர் பேண்டைக் காலில் மாட்டிக்கொண்டு ஏறுவதில் மட்டும் எனக்கு அத்தனை பிரியம் இல்லை. அது தூக்கிவிடுவது அடிப்பகுதியில், நமக்கு உயிர் போவதோ தாடைப் பக்கத்தில். உடம்பை ஊசலாட்டி எண்ணிக்கையை ஏற்றுவது பற்றி நான் பேசவே மாட்டேன். பேசினால் சண்டை வரும்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முழங்கையின் உட்பக்க எலும்பு முனையில் வலி தொட்டால் அன்றைக்கே அளவைக் குறைத்துவிடுங்கள். தசைக்கு வலு சீக்கிரம் ஏறிவிடும், தசைநாண் பின்னாலேதான் மெதுவாக வரும். வாரத்தில் ஒரு நாளாவது கொக்கிக்கும் முதுகுக்கும் விடுமுறை.

மூன்று வந்துவிட்டால் அப்புறம் ஏணி. ஒன்று எடுத்து ஓய்வு, இரண்டு எடுத்து ஓய்வு, மூன்று எடுத்து ஓய்வு, மறுபடி ஒன்றிலிருந்து. மூன்று சுற்று முடிந்தால் 18 ஆகிவிடும், ஒரு தடவைகூடத் திணறியிருக்க மாட்டோம்! ஒரேயடியாக எடுக்கிற எண்ணிக்கை இப்படித்தான் நமக்கே தெரியாமல் கூடுகிறது. மைதானத்தில் தம்பிகள் என் தாடை கம்பியைத் தாண்டியதா, உரசியதா என்று கிரிக்கெட் அம்பயர் மாதிரி வாக்குவாதம் பண்ணுவார்கள். “அக்கா, அது செல்லாது” என்று ஒருவன் விரலை ஆட்டினால் இறங்கி, மூன்று நிமிஷம் நின்று, மறுபடி ஏறிக் காட்டுவேன்.

எண்ணிக்கை ஒரு இடத்தில் நின்றுவிட்டால் எடை சேர்த்து ஏறலாம் என்கிறார்கள். இரும்புத் தட்டு வாங்க நான் இன்னும் போகவில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கிற மகளின் பள்ளிப் பையை ஞாயிற்றுக்கிழமைகளில் முதுகில் மாட்டிக்கொள்கிறேன். பரீட்சை நேரத்தில் மட்டும் தரமாட்டேன் என்கிறாள்.