ட்ரீம்காஸ்ட் ‘காலத்தை முந்திய’ கருவியா?

சேகா நிறுவனத்தின் ட்ரீம்காஸ்ட் விளையாட்டுக் கருவியைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு தொடர் தவறாமல் வந்துவிடும்: ‘காலத்தை முந்திய கருவி’. மாணவர்களே, தொழில்நுட்பக் கட்டுரையில் நீங்களும் எதையாவது பற்றி இப்படி எழுதியிருப்பீர்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அது எதை விளக்குகிறது? தோல்வியைக் காலத்தின் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

நடந்ததைப் பாருங்கள். 1998 நவம்பரில் ஜப்பானிலும், 1999 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவிலும் ட்ரீம்காஸ்ட் வந்தது. 2001 ஜனவரி 31 அன்று உற்பத்தியை நிறுத்தப்போவதாக சேகா அறிவித்தது. விற்றது ஏறத்தாழ 9 மில்லியன். போட்டிக்கு வந்த பிளேஸ்டேஷன் 2இல் டிவிடி படம் பார்க்கலாம், இதில் முடியாது. இதன் வட்டுகளின் நகல் பாதுகாப்பும் சீக்கிரமே உடைந்து, கள்ள வட்டுகள் சாதாரணக் கருவியிலேயே ஓடின. முந்தைய கருவியான சாட்டர்னிலேயே சேகா பணத்தையும் கடைக்காரர்களின் நம்பிக்கையையும் இழந்திருந்தது. இதெல்லாம் காலம் செய்த குற்றமா?

சரி, மிஞ்சியது என்ன? பலரும் ‘ஷென்மூ’வைச் சொல்வார்கள். 1986ஆம் ஆண்டின் யோகோசுகா நகரத்தை, அதன் மழையோடும் கடை திறக்கும் நேரத்தோடும் அது காட்டியது. அழகுதான். ஆனால் கடை திறக்கும்வரை நாயகனோடு சேர்ந்து நாமும் சும்மா நிற்க வேண்டும்! அப்படியிருந்தும் 2015இல் மூன்றாம் பாகத்துக்காக ரசிகர்கள் 6 மில்லியன் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். பாசம் கணக்குப் பார்க்காது போலும்.

மொழி படிக்கும் நமக்கு முக்கியமானது இன்னொன்று. 2000 டிசம்பரில் ஜப்பானில் வெளியான ‘ஃபேண்டஸி ஸ்டார் ஆன்லைன்’. ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய இடங்களில் விற்ற கருவிகளோடு மோடம் வந்ததால், தொலைபேசிக் கம்பி வழியாகவே வெவ்வேறு நாட்டினர் நால்வர் ஒன்றாக ஆடலாம். ஆனால் எந்த மொழியில் பேசுவது? சொற்பட்டியலிலிருந்து சொற்களைத் தேர்ந்து வாக்கியம் அமைத்தால், ஜப்பானியர் அமைத்தது ஜெர்மானியரின் திரையில் ஜெர்மன் மொழியிலேயே தெரியும். ஜப்பானியம், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் என ஐந்து மொழிகள்.

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனாலும் அதன் எல்லை எங்கே என்று கேட்க வேண்டும். உதவி கேட்கலாம், எதிரி வருவதைச் சொல்லலாம். கிண்டல் பண்ண முடியுமா? தமிழையும் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். ‘வா’, ‘வாங்க’, ‘வாருங்கள்’: பட்டியலில் எதை வைப்பது? முன்பின் தெரியாத ஒருவரை ‘வா’ என்றால் சண்டை வரும். பூதம் துரத்தும்போது ‘வாருங்கள்’ என்றால் சிரிப்பு வரும்.

அதே விளையாட்டில் இன்னொரு வழியும் இருந்தது. வட்டம், கோடு போன்ற வடிவங்களை அடுக்கி, முகங்களையும் குறிகளையும் ஆட்டக்காரர்களே உருவாக்கி அனுப்பலாம். என் கணிப்பில் இதுதான் மேலான பகுதி. இன்றைய ஸ்டிக்கர்களுக்கு இதுதான் மூலம் என்று சொல்ல வரவில்லை. எமோஜி ஜப்பானியக் கைப்பேசிகளில் முன்பே இருந்தது. ஆனால் பட்டியல் தராத சொல்லை மனிதர்கள் வரைந்தாவது சொல்லிவிடுவார்கள் என்பதற்கு இது நல்ல சான்று. ‘காலத்தை முந்திய’ என்று எழுதும் இடத்தில் இதை எழுதுங்கள்.

சேகா தன் சேவையகங்களை எப்போதோ மூடிவிட்டது. ரசிகர்கள் தாங்களே சேவையகம் நடத்துகிறார்கள். தொலைபேசி இணைப்புக்குப் பதிலாக உள்ளங்கை அளவுக் கணினியை மாட்டி, போலி டயல் ஒலியைக் கேட்கவைத்துப் பழைய மோடத்தை ஏமாற்றுகிறார்கள்.

ஆசிரியர்களே, வகுப்பில் முயன்று பாருங்களேன். நால்வர் குழுவுக்கு இருபது சொற்கள் மட்டும் கொடுத்து, ஒரு பயணத்தைத் திட்டமிடச் சொல்லுங்கள். வாய் திறக்கக் கூடாது, தாளில் வரையலாம். முதலில் எதை வரைகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.